சாட்சிக்கு ஓட்டுக் கிடையாது

ஹெப்பிள்டன் நகரத்து வாக்காளர் பட்டியலுக்கு எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் நான். நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அத்தனை பெயரையும் ஈய எழுத்தில் பொறுக்கிப் பொறுக்கி அடுக்குவேன். கசாப்புக்கடைக்காரர் பெயர் இருக்கும். அவர் கடையில் எடைக்கல்லைத் திருடிய ஆள் பெயர் இருக்கும். ஆற்றில் விழுந்து செத்து மூன்று வருஷமான ஜோசையா பிரிக்ஸ் பெயர்கூட இருக்கும். என் பெயர் மட்டும் இருக்காது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு தடவையாவது 'பிண்டர், அமோஸ்' என்று அந்தப் பட்டியலில் கோத்துவிட வேண்டும் என்பதுதான். அரசியலா? சேச்சே, அதெல்லாம் ஒன்றும் கிடையாது. வெறும் ரோஷம்.

எங்கள் நாட்டில் ஓட்டுரிமை வளர்ந்த கதை உலகமே பார்த்துப் பொறாமைப்படும் கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் கொஞ்சம் தொடர்பு உண்டு. என் தாத்தா இருந்த ஊரில், சொந்த அடுப்பில் உலை கொதிக்க வைக்கிற ஆண்பிள்ளைக்கு ஓட்டு. தேர்தல் வந்தால் ஆளாளுக்குத் தெருவில் அடுப்பு மூட்டி, ஊர் பார்க்கப் பானையைக் கொதிக்க வைப்பார்களாம். தாத்தாவிடம் பானை இருந்தது. அடுப்பு அவருடைய அண்ணனுடையது. பிறகு ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில் பெரிய சீர்திருத்தம் வந்தது. நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை பெறும் வீட்டில் இருப்பவனுக்கு ஓட்டு. அப்பா இருந்த வீடு ஒன்பது பவுண்டு. அறுபத்தேழில் நகரத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அப்போது அப்பாவுக்கு வீடே இல்லை. அதே சட்டத்தில், பத்துப் பவுண்டு பெறுமானமுள்ள அறையில் பன்னிரண்டு மாதம் வாடகைக்குக் குடியிருக்கிறவனும் விண்ணப்பித்தால் ஓட்டு உண்டு என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தச் சந்துக்குள்தான் நான் தலையை விட்டேன்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ரயிலேறி ஒரு நீதிபதி வருவார். செப்டிமஸ் பார்லோ என்று பெயர். பட்டியலைத் திருத்துவதற்கென்றே நியமிக்கப்பட்டவர். நகர மண்டபத்து மாடியில் உட்கார்ந்து, யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்ப்புச் சொல்வார். அவருக்கு இடது பக்கம் நீலக் கட்சி ஏஜெண்ட் கிராப்ட்ரீ, வலது பக்கம் மஞ்சள் கட்சி ஏஜெண்ட் ஸ்னெல். எதிர்க்கட்சிக்குப் போடுவான் என்று தோன்றுகிறவன் பெயரையெல்லாம் அடிக்க வைப்பது இந்த இருவரின் வேலை. நான் இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ் அச்சடிக்கிறவன். அதனால் நீலக்காரர் என்னை மஞ்சள் என்றும், மஞ்சள்காரர் என்னை நீலம் என்றும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக எதிர்த்த ஒரே ஆள் நான்தான்.

முதல் ஆண்டு நானும் என் தம்பியும் ஒரே அறையில் இருந்தோம்.

"கட்டில் எத்தனை?" என்று கேட்டார் நீதிபதி.

"ஒண்ணுதாங்க ஐயா."

"அறையின் பெறுமானம் பத்துப் பவுண்டு. ஆள் இரண்டு. ஆக, ஆளுக்கு ஐந்து பவுண்டு. அரை ஓட்டு என்று ஒன்று சட்டத்தில் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி."

இரண்டாம் ஆண்டுக்குள் அந்த வீட்டுக் கூரை இடிந்து விழுந்துவிட்டது. தம்பி கல்யாணம் பண்ணிக்கொண்டு போனான். நான் எதிர்வரிசையில் கெசியா லம் என்ற விதவை அம்மாள் வீட்டில் மாடி முன்னறைக்குக் குடிபோனேன். நடந்தால் பதினெட்டு அடி.

"பன்னிரண்டு மாதம் ஒரே இடத்தில் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டுமே," என்றார் நீதிபதி.

"கூரை விழுந்துடுச்சுங்க ஐயா."

"அதற்கு நீதிமன்றம் வருந்துகிறது. ஆனால் நிலையான குடிமகன் என்பவன் நிலையாக இருக்க வேண்டும். கூரை போயிற்று என்பதற்காக நீங்களும் போய்விடுவதா?"

மூன்றாம் ஆண்டு வெள்ளம். ஏழைநிதியிலிருந்து கீழ்த்தெருவில் சூப் ஊற்றினார்கள். அதற்கான சீட்டுகளை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். 'நனைஞ்சு வந்திருக்கியே, ஒரு வாய் குடிச்சிட்டுப் போய்யா' என்று ஒரு புண்ணியவதி கிண்ணத்தை நீட்டினாள். குடித்துத் தொலைத்தேன். ஏழைநிதியில் உதவி பெற்றவனுக்கு அந்த ஆண்டு ஓட்டுக் கிடையாது. என்னைச் சூப்போடு பார்த்த சாட்சிகளைக் கிராப்ட்ரீ இரண்டு பேரும் ஸ்னெல் மூன்று பேரும் கொண்டுவந்திருந்தார்கள். கிண்ணம் முழுதா, பாதியா என்று முக்கால் மணி நேரம் விசாரணை நடந்தது. முழுக் கிண்ணம் என்று நிரூபணமாயிற்று. உப்பு இல்லாத பட்டாணி சூப், அதற்குப் போய் ஒரு சாம்ராஜ்யத்தின் குடியுரிமை!

நாலாம் ஆண்டு தட்டுமுட்டுச் சாமான். வாடகையில் கட்டிலுக்கும் மெத்தைக்கும் நாற்காலிக்கும் உரியதைக் கழித்து வெற்று அறையின் பெறுமானத்தைப் பார்க்க வேண்டுமாம். சுவரில் மாட்டியிருந்த மகாராணி படத்தையும் கழிக்கச் சொன்னார் ஸ்னெல். மகாராணிக்கு விலை போடுவது ராஜத்துரோகம் என்று கிராப்ட்ரீ குதித்தார். படம் தப்பியது. நாற்காலிதான் என்னைக் கவிழ்த்தது. அதைக் கழித்ததும் பத்துப் பவுண்டுக்கு ஆறு ஷில்லிங் குறைந்தது.

வீட்டுக்கு வந்து கெசியா அம்மாளிடம் கெஞ்சினேன்.

"அம்மா, தயவுபண்ணி வாடகைய ஏத்துங்கம்மா."

அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏன்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா? இருபத்தாறு வருஷமா வாடகைக்கு விடுறேன். கொறைங்கன்னு அழுதவன பாத்திருக்கேன். ஏத்துங்கன்னு கால்ல விழுறவன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வாடகையையும் ஏற்றினார்.

ஐந்தாம் ஆண்டு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளில், விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் எது என்ற அறிவிப்பை அச்சடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு அப்படிப் போயிற்று.

ஆறாம் ஆண்டுதான் கிராப்ட்ரீ தம் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "இவர் வாடகைக் குடியே அல்ல. வீட்டில் இஷ்டப்படி போய்வருகிறார். ஆகவே இவர் தனிக் குடித்தனக்காரர். வேறு படிவத்தில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?" என்றார். தனிக் குடித்தனக்காரன் படிவத்தில் கேட்டிருந்தால் வாடகைக் குடி என்று சொல்லியிருப்பார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நீதிபதி கண்ணை மூடி யோசித்தார். வாசற்கதவு யார் கையில் என்பதுதான் கேள்வி, வீட்டுக்காரர் கையில் என்றால் இவர் வாடகைக் குடி, இவர் கையில் என்றால் தனிக் குடித்தனம், வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிடுங்கள் என்றார்.

கெசியா அம்மாள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து கூண்டில் நின்றார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"வாசக் கதவு சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் ஸ்னெல்.

"என்கிட்ட."

"இவர்கிட்ட?"

"இவருக்கு எதுக்குய்யா சாவி? தட்டினா தொறப்பேன்."

"தொறக்க மாட்டேன்னு சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"போன மாசம் சேத்துக்காலோட வந்தார். கால் மணி நேரம் மழையிலேயே நிக்க வெச்சேன்."

மண்டபத்தில் சிரிப்பு. எனக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. நீதிபதி மட்டும் சிரிக்காமல் 'கட்டுப்பாடு ஐயத்திற்கிடமின்றி நிரூபணம்' என்று எழுதிக்கொண்டார். பிறகு அவரே விசாரணையை எடுத்துக்கொண்டார்.

"வீட்டு வரி செலுத்துவது யார்?"

"நான்தான். ஒரு தவணைகூடத் தவறினதில்ல."

"கூரை, புகைபோக்கி, கழிவுநீர்க் குழாய்?"

"எல்லாம் நான்தான் பாக்குறேன். கொத்தனார் ஏமாத்தப் பாத்தான். விட்டேனா?"

"இந்த வீட்டில் மொத்தம் எத்தனை வாடகைக் குடி?"

"நாலு பேர். நாலு பேருக்கும் நான் சொல்ற சாட்சிய வெச்சுத்தானே நீங்க ஓட்டுக் குடுக்குறீங்க. மத்த மூணு பேருக்கும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் குடுத்து எனக்கு விரலே தேய்ஞ்சு போச்சு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் பிரசங்கம் என்று அர்த்தம்.

"கனவான்களே! 1832-இல் என் பாட்டனார் எச்சரித்தார்: பத்துப் பவுண்டு வீட்டுக்காரனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நாடு மூழ்கும். 1867-இல் என் தந்தையார் எச்சரித்தார்: தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுத்தால் நாடு மூழ்கும். 1884-இல், பண்ணைக் கூலிக்காரனுக்கும் கொடுத்தபோது, நானே எச்சரித்தேன். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் ஒரு தடவையேனும் தவறாகச் சொன்னதில்லை. நாடுதான் இன்னும் மூழ்கவில்லை. ஏன் மூழ்கவில்லை? ஓட்டுரிமைக்கு மூன்று தகுதிகளை இந்த நீதிமன்றம் விடாப்பிடியாகக் கேட்பதால்! நிலையான வீடு, தவறாத வரி, சொந்தப் பொறுப்பு. அந்த மூன்றும் ஒருங்கே அமைந்த உருவத்தை இன்று சாட்சிக் கூண்டில் காண்கிறோம். இந்த அம்மையாரைப் போல ஒவ்வொரு வாக்காளரும் இருந்துவிட்டால் எனக்கு இங்கே வேலையே இல்லை!"

எல்லோரும் கைதட்டினார்கள். கெசியா அம்மாள் தட்டவில்லை.

"அப்போ என் பேரையும் எழுதிக்கோங்க ஐயா," என்றார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதில்?"

"பட்டியல்லதான். நீங்க சொன்ன மூணும் என்கிட்ட இருக்குன்னு நீங்களேதான இப்போ சொன்னீங்க? நகர சபைத் தேர்தல்ல நான் போடுறேனே. எங்க தெருச் சாக்கடைக்கு நான் ஓட்டுப் போட்டுத்தான் மூடி வந்துச்சு."

"சாக்கடைக்குப் போடலாம், அம்மா. சட்டம் அனுமதிக்கிறது. சாம்ராஜ்யத்திற்குக் கூடாது."

"அந்த சாம்ராஜ்யத்த ஆளுற மகாராணியும் பொம்பளதானய்யா?"

"மகாராணிக்கும் ஓட்டுக் கிடையாது. அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லையே!"

"அவங்க வீட்டுக்கு வரி போட்டுப் பாருங்க, சொல்வாங்க."

ஸ்னெல் இருமினார். கிராப்ட்ரீயும் இருமினார். நீதிபதி குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்கள் இங்கே சாட்சி. உங்கள் சொல்லை நம்பி நான்கு ஆண்மக்களுக்கு ஓட்டுக் கொடுக்கிறோம். இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்? ஆனால் சாட்சிக்கு ஓட்டுக் கிடையாது. அமோஸ் பிண்டர் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அடுத்தவர்!"

ஆறு வருஷம் தலையால் தண்ணீர் குடித்து வாங்கிய உத்தரவு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அம்மாளோடு சேர்ந்து நடந்து வந்தேன். வாசலில் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றேன்.

"காலைத் தொடச்சிட்டு வாய்யா," என்றார். அன்றைக்கு எனக்காகவே ஓட்ஸ் ரொட்டி சுட்டு, வெண்ணெயும் கொஞ்சம் தாராளமாக வைத்தார். "நல்லா இருய்யா. உனக்குக் கிடைச்சது எனக்குச் சந்தோஷந்தான்," என்று சொல்லும்போது என்னைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு எதற்கு வெட்கம், சட்டத்தை நானா எழுதினேன் என்று கேட்டுப் பார்த்தேன். அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பட்டியல் அச்சுக்கு வந்தது. வாடகைக் குடிகளுக்குத் தனிப் பக்கம். ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டம்: குடியிருப்பவர் பெயர், அறை, தெரு, வாடகை, வீட்டுக்காரர் பெயர். முதல் கட்டத்தில் 'பிண்டர், அமோஸ்', கடைசிக் கட்டத்தில் 'லம், கெசியா' என்று கோத்தேன். என் பெயரை ஈயத்தில் தலைகீழாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நிஜமாகவே கலங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நடந்தது அச்சுப்பிழை. அன்று முதல் இன்றுவரை கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவருகிறேன். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் இடம் மாறிவிட்டன. புதிதாக ஒரு எழுத்துக்கூடச் சேரவில்லை, குறையவில்லை. நகர சபையிலிருந்து குமாஸ்தா வந்து புரூப்பைப் பார்த்தார். அவர் பெயரைப் படிக்கிற ஆள் இல்லை, வரியை எண்ணுகிற ஆள். எண்ணினார். சரியாக இருந்தது. முத்திரை குத்தினார். இப்படியாக அரசாங்க ஆவணத்தின்படி கெசியா லம் என்பவர் அமோஸ் பிண்டர் என்பவரின் வீட்டில் மாடி முன்னறையில் வாடகைக்குக் குடியிருக்கலானார்.

அடுத்த கோடையில் பொதுத்தேர்தல் வந்தது. ஒருநாள் மஞ்சள் வேட்பாளரின் கடிதம் வீட்டுக்கு வந்தது. 'மதிப்பிற்குரிய வாக்காளர் கெ. லம் அவர்களுக்கு' என்று இருந்தது. கெசியா அம்மாள் அதைப் படித்துவிட்டு, மாதாகோயில் கதவில் ஒட்டியிருந்த பட்டியலையும் போய்ப் பார்த்துவிட்டு, நேராக என் அறைக்கு வந்தார்.

"இதென்னய்யா கூத்து? நான் உன் வீட்டுல குடியிருக்கேனாமே?"

"அச்சுப்பிழைம்மா."

"உன் பேரு?"

"வீட்டுக்காரர் கட்டத்துல போயிடுச்சு. அந்தக் கட்டத்துக்கு ஓட்டு இல்ல."

"ஆறு வருஷம் நாயா அலைஞ்சியே, பாவி!"

"கை தவறிடுச்சும்மா. கம்பாசிட்டரும் மனுசன்தான?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். கீழே இறங்கும்போது பாதிப் படியில் நின்று, "வீட்டுக்காரரே, புகைபோக்கி அடைச்சிருக்கு. ஆள் அனுப்பிச் சுத்தம் பண்ணுங்க," என்றார். கிண்டல்தான்.

ஓட்டுப் பதிவு பள்ளிக்கூடத்தில். மேசையில் உட்கார்ந்திருந்தவர் தலைமையாசிரியர் ஹார்டக்கர். பக்கத்திலேயே கிராப்ட்ரீயும் ஸ்னெலும். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு கெசியா அம்மாள் உள்ளே வந்ததும் எல்லோர் தலையும் திரும்பியது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெயர்?" என்றார் ஹார்டக்கர், பழக்கதோஷத்தில்.

"கெசியா லம்."

பட்டியலைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "இருக்கே!" என்றார், பேயைக் கண்டவர் மாதிரி.

"ஆட்சேபிக்கிறேன்!" என்று எழுந்தார் கிராப்ட்ரீ.

"நீலம் ஆட்சேபிச்சா அது நம்ம ஓட்டு!" என்று எழுந்தார் ஸ்னெல். "இந்த அம்மா பேரு பட்டியல்ல இருக்கு. பட்டியலே இறுதி!"

"ஸ்னெல் ஐயா, நம்ம தெருவுல விளக்கு போடுறேன்னு உங்க கட்சி ரெண்டு தேர்தலாச் சொல்லுது," என்றார் கெசியா அம்மாள். "விளக்கு எங்க?"

ஸ்னெல் முகம் சுண்டிவிட்டது. "நானும் ஆட்சேபிக்கிறேன்," என்றார்.

கிராப்ட்ரீ உடனே நிமிர்ந்தார். "அப்படியானால் என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பட்டியலே இறுதி!"

ஹார்டக்கர் கைப்புத்தகத்தை எடுத்து மூன்று தடவை படித்தார். பெயர் பட்டியலில் இருந்தால் அதிகாரி இரண்டே கேள்விதான் கேட்கலாம், மூன்றாவது கேள்வி கேட்டால் அதிகாரி மீதே குற்றம் என்று அதில் போட்டிருந்ததாம். கட்டில் எத்தனை, கூரை இருக்கிறதா, சூப் குடித்தாரா, ஒன்றும் கேட்க முடியாது. ஆணா, பெண்ணா என்று கேட்கவும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை. கேட்க வேண்டியிருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"இந்தப் பட்டியலில் கெசியா லம் என்று குறிப்பிடப்பட்டிருப்பவர் நீங்கள்தானா?"

"ஆமா. சந்தேகம்னா ஊரையே கேளுங்க."

"இந்தத் தேர்தலில் நீங்கள் ஏற்கனவே வாக்களித்துவிட்டீர்களா?"

கெசியா அம்மாள் ஓட்டுப் பெட்டியைப் பார்த்தார். தொப்பி நாடாவைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லய்யா. அறுபத்தோரு வருஷமா இன்னும் போடல," என்றார்.

ஹார்டக்கர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அம்மாள் தடுப்புக்குப் பின்னால் போனார். ரொம்ப நேரம் ஆயிற்று. வரிசையில் நின்ற கசாப்புக்கடைக்காரர் முணுமுணுத்தார். அம்மாள் வெளியே வந்து, சீட்டை இரண்டாக மடித்து, பெட்டிக்குள் போட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

வெளியே வெயில் அடித்தது, எங்கள் ஊரில் அது அபூர்வம். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். ஆறு வருஷப் பாடு, கூரை, சூப், நாற்காலி, எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாருக்கும்மா போட்டீங்க?"

கெசியா அம்மாள் நடுத்தெருவில் நின்றார். என்னை அவ்வளவு பிரியமாக அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அமோஸ்," என்றார், "ரகசிய ஓட்டுய்யா. அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."